திருக்குர்ஆனின் அத்தியாய வரிசையும் வசன எண்ணிக்கையும்

திருக்குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் ஏழு வசனங்களே உள்ளன. இரண்டாவதில் 286 உள்ளன. முதன்முதலாக அருளப்பட்ட வசனங்களோ 96ஆவது அத்தியாயத்தில் இருக்கின்றன. கால வரிசையும் இல்லை, பொருள் வரிசையும் இல்லை, நீள வரிசையும் முழுமையாக இல்லை என்றால் இந்த வேதம் எந்த முறைப்படி தொகுக்கப்பட்டது, அதன் வசனங்களைச் சிலர் 6236 என்றும் வேறு சிலர் 6666 என்றும் சொல்வது ஏன் என்பது கேள்வி. நான்கு தனித்தனிச் செய்திகளை ஒன்றாகக் கலந்து பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது என்பது என் கருத்து. ஓர் அத்தியாயத்துக்குள் வசனங்கள் அமைந்த வரிசை, அத்தியாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த வரிசை, வசனங்களுக்கு இடப்பட்ட எண், ஓதுவதற்கு வசதியாகச் செய்த பாகப் பிரிப்பு ஆகிய நான்கும் வெவ்வேறு காலத்தவை. அவற்றுக்கு மார்க்க அறிஞர்கள் தரும் மதிப்பும் ஒன்றல்ல.

முதலில் அத்தியாயத்துக்குள் உள்ள வசன வரிசை. இது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டலின்படி அமைந்தது என்பதில் முஸ்லிம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. 610 முதல் 632 வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகள், வேதம் சிறிது சிறிதாக அருளப்பட்டது. வசனங்கள் இறங்கும்போது எழுத்தர்களை அழைத்து, இன்ன செய்தி சொல்லப்படும் அத்தியாயத்தில் இதை வையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்வார்கள் என்ற அறிவிப்பு, நபியின் சொல்லையும் செயலையும் பதிவுசெய்யும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. ஆகவே ஓர் அத்தியாயம் தொடங்கி, அது நிறைவு பெறுவதற்கு முன்பே வேறு அத்தியாயங்களின் வசனங்கள் அருளப்படுவதும், பல ஆண்டுகள் கழித்து இறங்கிய ஒரு வசனம் பழைய அத்தியாயத்தில் போய்ச் சேர்வதும் இயல்பாக நடந்தன. 'ஓதுவீராக' என்று தொடங்கும் முதல் ஐந்து வசனங்கள் ஹிரா குகையில் இறங்கியவை. அவை இடம்பெறும் 96ஆவது அத்தியாயமான அல்அலக்கின் மீதி 14 வசனங்கள், தொழுபவரைத் தடுக்கும் ஒருவனைக் கண்டிப்பவை, பின்னரே இறங்கின. 73ஆவது அத்தியாயமான அல்முஸ்ஸம்மிலில் முதல் 19 வசனங்கள் குறுகியவை, தாளம் கொண்டவை. 20ஆவது வசனம் மட்டும் அவற்றைப் போலப் பல மடங்கு நீண்டு, முன்பு விதிக்கப்பட்ட இரவுத் தொழுகையின் கடுமையைத் தளர்த்துகிறது. அது பிற்காலத்தில் அருளப்பட்டது என்பதை அரபு மொழி அறியாதவர்கூட அதன் நீளத்தைப் பார்த்தே ஊகித்துவிடலாம்.

வசனங்களின் இடத்தைத் தொகுப்பாளர்கள் தம் விருப்பப்படி மாற்றவில்லை என்பதற்கு எனக்கு மிகவும் அழுத்தமாகத் தோன்றும் சான்று, புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ள ஓர் உரையாடல். இரண்டாவது அத்தியாயமான அல்பகராவின் 240ஆவது வசனம், கணவரை இழந்த பெண்ணுக்கு ஓராண்டுக்கான பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறது. 234ஆவது வசனமோ அவளுடைய காத்திருப்புக் காலத்தை நான்கு மாதம் பத்து நாள் என்கிறது. பெரும்பாலான அறிஞர்களின் கருத்தில் 234 பின்னால் அருளப்பட்டு 240இன் சட்டத்தை மாற்றியது. ஆனால் நூலில் அது முன்னால் இருக்கிறது. சட்டம் மாற்றப்பட்டுவிட்ட வசனத்தை ஏன் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) கேட்டபோது, சகோதரர் மகனே, இதில் எதையும் அதன் இடத்திலிருந்து நான் மாற்ற மாட்டேன் என்று நபிக்குப் பின் முஸ்லிம்களின் மூன்றாவது ஆட்சித் தலைவரான கலீஃபா உஸ்மான் (ரலி) பதிலளித்தார்கள். பொருள் பொருத்தத்துக்காகவோ கால வரிசைக்காகவோ வசனங்களை நகர்த்தும் உரிமை தமக்கு இருப்பதாக அவர்கள் கருதவில்லை என்பது இதனால் தெளிவாகிறது.

அந்தத் தொகுப்புப் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் கொல்லப்பட்டதை அடுத்து, உமர் (ரலி) அவர்களின் யோசனைப்படி முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், நபியின் எழுத்தர்களில் ஒருவரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பு பின்னர் நபியின் மனைவி ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தது. 650ஐ ஒட்டி, ஓதுவதில் பகுதிக்குப் பகுதி வேறுபாடு முற்றியபோது, அதே ஸைத் (ரலி) உள்ளிட்ட குழுவைக் கொண்டு உஸ்மான் (ரலி) அவர்கள் படிகள் எடுத்துப் பெருநகரங்களுக்கு அனுப்பினார்கள். இன்று உலகெங்கும் உள்ள 114 அத்தியாயங்களின் வரிசை இந்த உஸ்மானியப் படிகளின் வரிசையே.

அத்தியாய வரிசைக்கு வரும்போது அறிஞர்களின் ஒருமித்த குரல் பிரிகிறது. இதுவும் நபியின் கட்டளையே என்பது ஒரு தரப்பு; நபித்தோழர்களின் ஆய்வு முடிவு என்பது மற்றொரு தரப்பு. இமாம் மாலிக் இரண்டாவது கருத்துடையவராகச் சொல்லப்படுகிறார். எட்டாவதான அல்அன்ஃபால், ஒன்பதாவதான அத்தவ்பா ஆகிய இரண்டைத் தவிர மற்றவை நபியின் காலத்திலேயே வரிசைப்படுத்தப்பட்டிருந்தன என்பது ஹதீஸ் அறிஞர் பைஹகியின் நடுநிலைக் கருத்து. நபித்தோழர்கள் சிலரிடம் தனிப்பட்ட படிகள் இருந்தன. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் படியில் அல்பகராவுக்கு அடுத்து, இன்று நான்காவதாக உள்ள அந்நிஸா, அதன்பின் இன்று மூன்றாவதாக உள்ள ஆலு இம்ரான் என்று இருந்ததாக அறிவிப்புகள் உண்டு. ஓர் இரவுத் தொழுகையில் நபி (ஸல்) அவர்களே அல்பகரா, அந்நிஸா, ஆலு இம்ரான் என்ற வரிசையில் ஓதியதை ஹுதைஃபா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். வரிசை முழுவதும் கட்டளை என்று சொல்பவர்கள் இதை, வரிசை மாற்றி ஓதலாம் என்பதற்கான ஆதாரமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வரிசை அன்று இறுதியாகவில்லை என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சான்றும் வலுவானதே. நபித்தோழர்கள் ஒரு வாரத்தில் குர்ஆனை ஓதி முடிக்க எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று கேட்ட அவ்ஸ் இப்னு ஹுதைஃபாவுக்கு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று, பிறகு முஃபஸ்ஸல் எனப்படும் கடைசிப் பகுதி என்று விடை கிடைத்ததாக அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹாவை விட்டுவிட்டு இன்றைய வரிசையில் எண்ணிப் பாருங்கள்: 2 முதல் 4 வரை மூன்று, 5 முதல் 9 வரை ஐந்து, 10 முதல் 16 வரை ஏழு, 17 முதல் 25 வரை ஒன்பது, 26 முதல் 36 வரை பதினொன்று, 37 முதல் 49 வரை பதின்மூன்று. 50ஆவதான காஃப் அத்தியாயத்தில் முஃபஸ்ஸல் தொடங்கிவிடுகிறது. இது தற்செயலாகப் பொருந்தக்கூடிய கணக்கு அல்ல. குறைந்தபட்சம் பெரும்பகுதியின் வரிசை அந்தத் தலைமுறைக்கு முன்பே பழக்கத்தில் இருந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நீண்டவை முதலில், குறுகியவை கடைசியில் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு போக்கைக் காட்டுகிறதே தவிர விதியைக் காட்டவில்லை. மரபில் அத்தியாயங்களை நால்வகையாகப் பிரிப்பார்கள்: ஏழு நெடிய அத்தியாயங்கள், நூறு வசனங்களை ஒட்டியவை, அவற்றிலும் குறைந்தவை, இறுதியாக முஃபஸ்ஸல். இந்த நான்கு அடுக்குகளும் பெரும்பாலும் நீளம் குறைந்துவரும் வரிசையில் இருக்கின்றன. எழுத்துகளை எண்ணினால் குர்ஆனின் நடுப்புள்ளி 18ஆவது அத்தியாயமான அல்கஹ்ஃபின் 19ஆவது வசனத்தில் விழுகிறது என்பது மரபுக் கணக்கு. அதாவது பாதி நூல் முதல் 18 அத்தியாயங்களுக்குள் அடங்கிவிட, மீதி 96 அத்தியாயங்களும் மறுபாதியில் நெருங்கி நிற்கின்றன. ஆனால் அடுக்குகளுக்கு உள்ளே நீளம் ஏறி இறங்குகிறது. 75 வசனங்கள் கொண்ட அல்அன்ஃபால், 129 வசனங்கள் கொண்ட அத்தவ்பாவுக்கு முன்னால் நிற்கிறது. 40 முதல் 46 வரையிலான ஏழு அத்தியாயங்களும் 'ஹா மீம்' என்ற எழுத்துகளுடன் தொடங்குபவை. அவை ஒரே குடும்பமாக ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன, ஆயினும் அவற்றில் 44ஆவது, வசன எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தாலும், சொற்களின் அளவில் தனக்குப் பின்வரும் 45ஐயும் 46ஐயும் விடச் சிறியது. 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி இங்கே ஒரு கூர்மையான வாதத்தை வைக்கிறார். தொகுத்தவர்கள் தம் அறிவைக் கொண்டு ஒத்த தொடக்கங்களை ஒன்றுசேர்த்திருந்தால், இறைவனைத் துதிக்கும் சொல்லுடன் தொடங்கும் 57, 59, 61, 62, 64 ஆகியவற்றையும் அடுத்தடுத்து வைத்திருப்பார்கள். 'தா ஸீன் மீம்' என்று தொடங்கும் 26க்கும் 28க்கும் இடையில் 'தா ஸீன்' என்று மட்டும் தொடங்கும் 27ஐ நுழைத்திருக்க மாட்டார்கள். இரண்டு வழக்கமும் கலந்திருப்பதே வரிசை மேலிருந்து வந்தது என்பதற்குச் சான்று என்கிறார் அவர். இதே தகவலை வைத்து நேர்மாறான முடிவுக்கு வருவதும் சாத்தியமே என்றாலும், நீள வரிசை என்ற எளிய விளக்கம் போதாது என்பதை அவருடைய வாதம் நிலைநாட்டிவிடுகிறது.

எட்டாவது, ஒன்பதாவது அத்தியாயங்களின் சிக்கலைத் தனியே சொல்ல வேண்டும். ஒன்பதாவதான அத்தவ்பாவின் தொடக்கத்தில் மட்டும் 'பிஸ்மில்லாஹ்' (அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால் என்ற வாசகம்) இல்லை. குறுகிய அல்அன்ஃபாலையும் நெடிய அத்தவ்பாவையும் அருகருகே வைத்து, இடையில் பிஸ்மில்லாஹ்வும் எழுதாமல் விட்டது ஏன் என்று இப்னு அப்பாஸ் (ரலி) கேட்டதற்கு, முன்னது மதீனாவின் தொடக்க காலத்தது, பின்னது இறுதிக் காலத்தது, ஆனால் இரண்டின் செய்தியும் ஒத்திருந்தது, இது அதன் பகுதிதானா என்பதைத் தெளிவுபடுத்தாமலேயே நபி (ஸல்) அவர்கள் மறைந்துவிட்டார்கள் என்று உஸ்மான் (ரலி) விளக்கியதாகத் திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்பிலும் அபூதாவூதிலும் ஓர் அறிவிப்பு வருகிறது. இதன் அறிவிப்பாளர் தொடரைச் சில ஹதீஸ் அறிஞர்கள் பலவீனமானதாகக் கருதுகிறார்கள்; பைஹகியின் மேற்சொன்ன விதிவிலக்கு இந்த அறிவிப்பின் மேல்தான் நிற்கிறது. போர் அறிவிப்புடன் தொடங்கும் அத்தியாயத்தில் கருணையைச் சொல்லும் பிஸ்மில்லாஹ் பொருந்தாது என்ற வேறொரு விளக்கமும் பழைய நூல்களில் உண்டு. ஒன்பதில் இல்லாத பிஸ்மில்லாஹ், 27ஆவது அத்தியாயத்தின் 30ஆவது வசனத்தில், சுலைமான் (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதத்தின் வாசகமாக வருவதால், மொத்தத்தில் 114 முறை என்ற எண்ணிக்கை நிறைகிறது.

இனி வசன எண்ணிக்கை. எழுத்தில் ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் இருக்கும்போதே எண்ணிக்கை மட்டும் மாறுகிறது என்பதுதான் இங்கே புரிந்துகொள்ள வேண்டியது. நபி (ஸல்) அவர்கள் ஓதும்போது வசன முடிவுகளில் நிறுத்துவார்கள். சில இடங்களில் ஒரு முறை நிறுத்தியும் மறுமுறை சேர்த்தும் ஓதியிருந்தால், அதைக் கேட்டவர்கள் அந்த இடத்தை முடிவாகவும் கொள்ளலாம், தொடர்ச்சியாகவும் கொள்ளலாம். இப்படி வந்த மரபுகளை ஒவ்வொரு நகரத்தின் ஓதுநர்களும் தனித்தனியே பாதுகாத்தார்கள். இராக்கின் கூஃபா நகரக் கணக்கில் 6236, பஸ்ராவின் கணக்கில் 6204, சிரியாவின் கணக்கில் 6226, மதீனாவின் பிந்தைய கணக்கில் 6214. கூஃபாவின் ஓதுநர் ஆஸிமிடமிருந்து அவருடைய மாணவர் ஹஃப்ஸ் வழியாக வந்த ஓதல் முறை உலகின் பெரும்பகுதியில் பரவியிருப்பதால் அதனுடன் கூஃபாவின் 6236ம் பரவிவிட்டது. வட ஆப்பிரிக்காவில் வர்ஷ் என்பவர் வழியாக வந்த ஓதல் முறைப்படி அச்சாகும் படிகளில் மதீனாவின் 6214ஐக் காணலாம்.

வேறுபாடு எங்கே நிகழ்கிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். அல்ஃபாத்திஹாவில் ஏழு வசனங்கள் என்பதில் எல்லாக் கணக்குகளும் ஒன்றுபடுகின்றன. ஆனால் கூஃபாவினரும் மக்காவினரும் பிஸ்மில்லாஹ்வையே முதல் வசனமாக எண்ணுகிறார்கள். மற்றவர்கள் அதை எண்ணாமல், நீண்ட கடைசி வசனத்தை இரண்டாகப் பிரித்து ஏழை நிறைவுசெய்கிறார்கள். பிஸ்மில்லாஹ் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு வசனம் என்ற ஷாஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பள்ளியின்) நிலைப்பாடும், அத்தியாயங்களைப் பிரித்துக் காட்ட அருளப்பட்ட தனி வசனம் என்ற ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடும் இந்த விவாதத்தோடு தொடர்புடையவை. தொழுகையில் அதை உரக்க ஓதுவதா மெதுவாக ஓதுவதா என்ற வேறுபாடும் பெருமளவு இங்கிருந்தே கிளைக்கிறது. இரண்டாவது எடுத்துக்காட்டு, அத்தியாயத் தொடக்கங்களில் வரும் தனி எழுத்துகள். 29 அத்தியாயங்கள் இப்படித் தொடங்குகின்றன. 'அலிஃப் லாம் மீம்', 'யாஸீன்', 'தாஹா' போன்றவற்றைக் கூஃபாவினர் மட்டும் தனி வசனமாக எண்ணுகிறார்கள். அவர்களும்கூட 'அலிஃப் லாம் ரா'வையும், ஓரெழுத்தாக வரும் 'ஸாத்', 'காஃப்', 'நூன்' ஆகியவற்றையும் எண்ணுவதில்லை. ஆகவே அல்பகராவுக்குக் கூஃபாவில் 286, மதீனாவிலும் மக்காவிலும் சிரியாவிலும் 285, பஸ்ராவில் 287 என்றாகிறது.

6666 என்ற எண் இந்த நகரக் கணக்குகளில் எதிலும் இல்லை. பிஸ்மில்லாஹ்வைத் தனியே கூட்டினாலும் அந்த எண் வராது: 6236உடன், எண்ணிடப்படாத 112 பிஸ்மில்லாஹ்வைச் சேர்த்தால் 6348 மட்டுமே கிடைக்கும். நினைவில் நிற்கும் அழகுக்காகப் பரவிய எண் அது. ஆணை இத்தனை ஆயிரம், தடை இத்தனை ஆயிரம் என்று அதை வட்டமான எண்களாகப் பங்கிட்டுக் காட்டும் பட்டியல்களும் எண்ணிப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. ஒரு படியைக் கையில் எடுத்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி எண்ணையும் கூட்டிப் பார்த்தால் எவரும் ஒரு மணி நேரத்துக்குள் இதைச் சரிபார்த்துவிடலாம்.

வசனம் என்பதை வாக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றிய 2:282 (இரண்டாவது அத்தியாயம், 282ஆவது வசனம்) ஒரு முழுப் பக்கத்தை நிரப்பும். 55:64 ஒரே ஒரு சொல். வசன முடிவைத் தீர்மானிப்பதில் இறுதி ஓசைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே வாக்கியம் முடியாமலே வசனம் முடிவதும் உண்டு. 107ஆவது அத்தியாயத்தின் நான்காவது வசனம் தொழுகையாளிகளுக்குக் கேடுதான் என்று நின்றுவிடுகிறது. எத்தகைய தொழுகையாளிகள் என்பதை, தம் தொழுகையில் அலட்சியமாக இருப்போர் என்று ஐந்தாவது வசனமே சொல்கிறது. ஒரு வசன எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வாதம் செய்பவர்கள் இந்த ஓர் இடத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவதான பாகப் பிரிப்பு முற்றிலும் ஓதும் வசதிக்கானது. மாதத்தில் ஒருமுறை ஓதி முடிக்க 30 ஜுஸ்உ, வாரத்தில் ஒருமுறை முடிக்க 7 மன்ஸில். ஜுஸ்உ என்பது ஏறத்தாழச் சம அளவுள்ள பங்கு. பொருளை அது பார்ப்பதில்லை. மணமுடிக்கத் தடைசெய்யப்பட்ட பெண்களின் பட்டியல் 4:23இல் தொடங்கி 4:24இன் முதல் சொல்லுக்குள் நீள்கிறது. ஐந்தாவது ஜுஸ்உ அந்த வாக்கியத்தின் நடுவிலேயே தொடங்குகிறது. கடைசி ஜுஸ்உவில் 37 அத்தியாயங்கள் உள்ளன. முதல் ஜுஸ்உவிலோ அல்ஃபாத்திஹாவும் அல்பகராவின் பாதியளவும் மட்டுமே. மன்ஸில் இதற்கு நேர்மாறு. முன்பு சொன்ன நபித்தோழர்களின் வாரக் கணக்கைப் பின்பற்றுவதால் அது எந்த அத்தியாயத்தையும் வெட்டுவதில்லை. அரபு நாட்டுப் படிகளில் ஜுஸ்உவை இரண்டு ஹிஸ்புகளாகவும், ஒவ்வொரு ஹிஸ்பையும் நான்காகவும் பிரித்து 240 கால் பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கும். இந்தியத் துணைக்கண்டத்துப் படிகளில் அதற்குப் பதிலாகப் பொருளை ஒட்டிப் பிரித்த ருகூஉ என்ற சிறு பகுதி முதன்மை பெறுகிறது. ஓரத்தில் ஐன் என்ற அரபு எழுத்தும் அதனுடன் மூன்று எண்களும் இருக்கும்: மேலே உள்ளது அத்தியாயத்தில் அது எத்தனையாவது ருகூஉ என்பதையும், நடுவில் உள்ளது அதன் வசன எண்ணிக்கையையும், கீழே உள்ளது ஜுஸ்உவில் அது எத்தனையாவது என்பதையும் காட்டும். ரமளான் இரவுகளின் தராவீஹ் தொழுகையில் நாளொன்றுக்கு 20 ரக்அத் (தொழுகைச் சுற்று) வீதம், ரக்அத்துக்கு ஒரு ருகூஉவாக, 27ஆம் இரவில் ஓதி முடிக்கும்படி புகாரா நகர அறிஞர்கள் 540 ருகூஉகளை வகுத்ததாக ஹனஃபி சட்ட நூல்களில் குறிப்பு உள்ளது. இன்று அச்சில் காணப்படுவது பெரும்பாலும் 558. பொருள் முடியும் இடத்தில் நிறுத்தப் பார்ப்பதால், பாகப் பிரிப்புகளில் வாசகனுக்கு மிகவும் பயன்படுவது ருகூஉதான் என்பேன்.

மொழிபெயர்ப்பைக் கால வரிசையில் படிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 1924இல் கெய்ரோவில் வெளியான அரசுப் பதிப்பு, ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் அது மக்காவில் அருளப்பட்டதா மதீனாவில் அருளப்பட்டதா, எதற்குப் பின் அருளப்பட்டது என்பதைக் குறித்தது. அதன்படி 86 மக்காவிலும் 28 மதீனாவிலும் அருளப்பட்டவை. ஐரோப்பாவில் ஜெர்மானிய அறிஞர் நோல்டெகே 1860இல் மொழிநடையை அடிப்படையாகக் கொண்டு மக்கா காலத்தை மூன்றாகப் பிரித்து வேறொரு வரிசையைத் தந்தார். இத்தகைய வரிசைகள் ஆய்வுக்கு உதவும். ஆயினும் அவை அத்தியாயங்களைத்தான் அடுக்குகின்றன. ஓர் அத்தியாயத்தின் வசனங்களே பல காலத்தவை என்பதை மேலே அல்அலக்கிலும் அல்முஸ்ஸம்மிலிலும் பார்த்தோம். உணவுத் தடைகளைச் சொல்லும் 5:3இன் நடுவில் இருக்கும், மார்க்கம் நிறைவாக்கப்பட்டது என்ற அறிவிப்பு, நபியின் இறுதி ஹஜ்ஜின்போது அரஃபாவில் அருளப்பட்டது. எனவே அத்தியாயக் கால வரிசையை ஒரு துணைக் குறிப்பாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நூலை நூலின் வரிசையிலேயே படிப்பதே சரி.

மேற்கோள் எண்ணைச் சரிபார்க்கும்போது ஓரிரு எண் தள்ளிப்போனால் பதற வேண்டியதில்லை. வர்ஷ் முறைப் படிகளில் வேறு கணக்கு இருக்கும். அஹ்மதியா இயக்கத்தின் வெளியீடுகளில் அத்தவ்பா தவிர்த்து ஒவ்வொரு அத்தியாயத்தின் பிஸ்மில்லாஹ்வும் முதல் வசனமாக எண்ணப்படுவதால், அல்ஃபாத்திஹா நீங்கலாக மற்றவற்றில் எண் ஒன்று கூடியிருக்கும். 1834இல் ஃப்ளூகல் வெளியிட்ட பதிப்பைப் பின்பற்றிய பழைய ஐரோப்பிய நூல்களில் சில இடங்களில் பல எண்கள்கூட விலகும். அத்தியாயப் பெயரும் மாறலாம்: 17ஆவது அல்இஸ்ரா, பனூ இஸ்ராயீல் என்று இரு பெயர் கொண்டது, 40ஆவது ஃகாஃபிர் அல்லது அல்முஃமின், 76ஆவது அல்இன்ஸான் அல்லது அத்தஹ்ர். அத்தியாயத்தின் வரிசை எண் மட்டும் எல்லாப் படிகளிலும் ஒன்றே என்பதால், அதை முதலில் பிடித்துக்கொண்டு, சொல்லப்பட்ட வசன எண்ணுக்கு முன்னும் பின்னும் சில வசனங்களைப் பார்த்தால் தேடியது கிடைத்துவிடும்.